டேட்டா வழக்கு: சந்தேகத்தின் பலன் யாருக்கு?

விண்வெளிக் கதைத் தொடரான ஸ்டார் ட்ரெக் பக்கமே போகாத ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், விண்கலச் சண்டை எதுவும் இல்லாத ஒரு எபிசோடைத்தான் சொல்வேன். ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இரண்டாவது சீசனில், 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘த மெஷர் ஆஃப் எ மேன்’. பெரும்பகுதி ஒரு சிறிய விசாரணை அறையிலும் அதைச் சுற்றியுள்ள அறைகளிலும் நடக்கிறது. துப்பாக்கி இல்லை, வேற்றுக்கிரகப் படையெடுப்பு இல்லை. டேட்டா என்ற ஆண்ட்ராய்டு (மனித உருவ இயந்திரம்) தன் வேலையை ராஜினாமா செய்ய முடியுமா, முடியாதா என்பதுதான் வழக்கு.

இந்த எபிசோடைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘இயந்திரத்துக்கு உணர்வு உண்டா?’ என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்போது திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் கேள்விக்கு இந்த எபிசோட் பதில் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பதில் தெரியாத நிலையில் சட்டம் யார் பக்கம் சாய வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். செயற்கை நுண்ணறிவு பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இரண்டாவது கேள்விக்குத்தான் நமக்கு அவசரம் அதிகம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்டர்பிரைஸ் விண்கலம் புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு விண்தளத்துக்கு வருகிறது. அங்கே கமாண்டர் புரூஸ் மேடக்ஸ் என்ற விஞ்ஞானி ஏறுகிறார். கலத்தின் அதிகாரிகளில் ஒருவரான லெஃப்டினன்ட் கமாண்டர் டேட்டா ஒரு ஆண்ட்ராய்டு. அவரை உருவாக்கிய டாக்டர் நூனியன் சூங் இப்போது இல்லை. அந்த வித்தை வேறு யாருக்கும் கைவரவில்லை. டேட்டாவைப் பிரித்துப் பார்த்து, அந்தப் பாசிட்ரானிக் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு டேட்டாவைச் செய்துகொடுக்க வேண்டும் என்பது மேடக்ஸின் திட்டம். டேட்டாவைத் தன்னிடம் மாற்றும் உத்தரவோடுதான் வந்திருக்கிறார். டேட்டா அவருடைய ஆய்வுக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, அடிப்படையே இன்னும் சரியாகவில்லை என்று மறுக்கிறார். மறுக்க உரிமை இல்லை என்று தெரிந்ததும் ராஜினாமா செய்கிறார். உடனே மேடக்ஸ் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்: கலத்தின் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னால் அதற்கு அனுமதி கொடுப்பீர்களா? டேட்டா, இவர்கள் எல்லோரும் வேலை பார்க்கும் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமை. உடைமை ராஜினாமா செய்ய முடியாது.

விண்தளத்தின் சட்ட அதிகாரி ஃபிலிப்பா லூவா, பழைய சட்டம் ஒன்றை வைத்து மேடக்ஸ் சொன்னதே சரி என்கிறார். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்டதாகக் கதை சொல்லும் சட்டம் அது. அதாவது, நாம் வாழும் இந்தக் காலத்தில். என்டர்பிரைஸின் கேப்டன் பிக்கார்ட் எதிர்த்து முறையிடுகிறார். புதிய அலுவலகம், ஆள்பலம் இல்லை. அதனால் கேப்டன் டேட்டாவுக்காக வாதாட வேண்டும், அவருக்கு அடுத்த அதிகாரியான ரைக்கர் எதிர்த்து வாதாட வேண்டும் என்று முடிவாகிறது. ரைக்கர் டேட்டாவின் நண்பர். ஆனால் அவர் மறுத்தாலோ, ஒப்புக்கு வாதாடினாலோ, முதலில் சொன்ன முடிவே தீர்ப்பாகிவிடும் என்று லூவா எச்சரிக்கிறார்.

இந்த எபிசோட் எழுதப்பட்ட விதம் கதையைப் போலவே முக்கியமானது. 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீடித்தது. இரண்டாவது சீசன் தாமதமாகத் தொடங்கியது. முதல் சீசனில் 26 எபிசோடுகள் இருக்க, இதில் 22தான். கதைகளுக்குப் பஞ்சம். அந்தச் சூழலில் மெலிண்டா ஸ்நாட்கிராஸ் என்ற நாவலாசிரியர், யாரும் கேட்காமல் தானாக எழுதி அனுப்பிய திரைக்கதை இது. தொலைக்காட்சிக்கு அவர் புதியவர். ஆனால் எழுத்துக்கு வருவதற்கு முன் சட்டம் படித்து வழக்கறிஞராக வேலை பார்த்தவர். இந்தத் திரைக்கதையைப் பார்த்த பிறகு அவரைத் தொடரின் எழுத்துக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் மனதில் இருந்த வழக்கு ட்ரெட் ஸ்காட் வழக்கு. அமெரிக்க வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும். மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்தவர் ட்ரெட் ஸ்காட். ராணுவ மருத்துவரான அவருடைய எஜமானர், அடிமைமுறை தடைசெய்யப்பட்ட இல்லினாய்ஸ் மாநிலத்துக்கும் பிறகு விஸ்கான்சின் பிரதேசத்துக்கும் அவரை அழைத்துப் போய் அங்கே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் நான் சுதந்திரமானவன் என்று ஸ்காட் 1846இல் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு பதினோரு ஆண்டுகள் இழுத்து, 1857 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று அவருக்கு எதிராக முடிந்தது. தலைமை நீதிபதி ரோஜர் டேனி எழுதிய தீர்ப்பு, ஸ்காட்டின் கோரிக்கை நியாயமா என்பதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடிமக்களே அல்லர், ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் தகுதியே அவருக்குக் கிடையாது என்றது. அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்க ஒரு உள்நாட்டுப் போரும், 1868இல் வந்த 14ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் தேவைப்பட்டன.

டேட்டா வழக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டா கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ‘இந்த அறுவைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டுப் போகிறேன்’ என்கிறார். எதிர்த்தரப்பு அந்த மறுப்பு சரியா தவறா என்ற விவாதத்துக்கே வரவில்லை. மறுக்கிறேன் என்று சொல்ல நீ யார் என்கிறது. ஒருவரை உடைமை என்று வகைப்படுத்திவிட்டால், அவர் சொல்லும் எந்த வாதத்தையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. ஸ்நாட்கிராஸ் சட்டம் படித்தவர் என்பது இங்கேதான் தெரிகிறது. உணர்வு, ஆன்மா என்று அவர் தொடங்கவில்லை. ராஜினாமாக் கடிதத்திலிருந்து தொடங்குகிறார்.

டேட்டா ஏன் மறுக்கிறார் என்பதை இந்த எபிசோட் கவனமாகக் கட்டியிருக்கிறது. தொடக்கக் காட்சி ஒரு சீட்டு மேசை. இந்தத் தொடரில் போக்கர் ஆட்டம் முதன்முதலாக வருவது இங்கேதான். பிறகு அது தொடரின் அடையாளமாகவே ஆகி, 1994இல் வந்த கடைசி எபிசோடின் கடைசிக் காட்சி வரை நீடித்தது. இந்த முதல் ஆட்டத்தில் ரைக்கர் கையில் ஒன்றும் இல்லாமலேயே பந்தயத்தை ஏற்றிக்கொண்டு போகிறார். டேட்டா சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தோற்கிறார். விதிகள் எல்லாம் தெரிந்தும், எதிரில் இருப்பவர் ஏமாற்றுகிறாரா என்று படிக்க அவருக்குத் தெரியவில்லை.

சும்மா ஒரு வேடிக்கைக் காட்சி என்றுதான் முதல் தடவை தோன்றும். பிறகு மேடக்ஸ், உன் நினைவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக ஏற்றிவைத்துவிடுகிறேன், எதுவும் தொலையாது என்று உறுதி கொடுக்கும்போது டேட்டா இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார். போக்கர் பற்றிய எல்லாப் புத்தகங்களையும் படித்திருந்தேன், ஆனால் உட்கார்ந்து ஆடியபோது அது வேறாக இருந்தது என்கிறார். தகவலை நகலெடுக்கலாம், அந்த நினைவோடு சேர்ந்திருக்கும் ஏதோ ஒன்று நகலில் வராமல் போகலாம் என்பது அவருடைய பயம். பயம் என்ற சொல்லை அவர் ஏற்கமாட்டார். தனக்கு உணர்ச்சிகள் இல்லை என்று எப்போதும் சொல்பவர். ஆனால் தனக்கு எது இழப்பு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. டேட்டாவாக நடிக்கும் பிரெண்ட் ஸ்பைனர் இந்த இடத்தைக் குரல் உயராமல், கெஞ்சாமல், ஒரு அறிக்கை படிப்பதுபோலச் செய்கிறார். அழுதிருந்தால் நமக்கு முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பிக்கார்டிடமே டேட்டா கேட்கும் ஒரு கேள்வியும் உண்டு. தலைமைப் பொறியாளர் ஜார்டி பார்வையற்றவர். அவர் அணியும் கருவி மனிதக் கண்ணைவிடப் பல மடங்கு அதிகமாகப் பார்க்கும். அப்படியென்றால் எல்லா மனித அதிகாரிகளும் கண்களை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏன் உத்தரவு போடவில்லை? பிக்கார்டிடம் பதில் இல்லை. நான் மனிதன் இல்லை என்பதால்தான் இந்த உத்தரவு எனக்கு வருகிறது, புரிகிறது என்று டேட்டாவே முடித்துக்கொள்கிறார். பொதுநலனுக்காக ஒருவரை வெட்டலாம் என்ற வாதத்தை இதைவிடக் குறைந்த சொற்களில் உடைத்த வசனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அப்புறம் ரைக்கர். எபிசோடின் மிகச் சிறந்த நடிப்பு இவருடையது என்று நினைக்கிறேன். ஜொனாதன் ஃப்ரேக்ஸுக்கு இதில் வசனமே இல்லாத ஒரு காட்சி இருக்கிறது. வழக்குக்காக டேட்டாவின் வரைபடங்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்கிறது. ஒரு நல்ல வாதம் கிடைத்த மகிழ்ச்சி. அடுத்த நொடி, அந்த வாதம் ஜெயித்தால் என்ன ஆகும் என்று உறைக்கிறது. முகம் சுருங்கிவிடுகிறது. அவர் கண்டுபிடித்தது டேட்டாவின் முதுகில் இருக்கும் அணைக்கும் பொத்தான்.

விசாரணையில் ரைக்கர் வரிசையாக அடிக்கிறார். டேட்டாவைக் கூண்டில் ஏற்றி, அவருடைய திறன்களை எண்களாகச் சொல்ல வைக்கிறார். 800 குவாட்ரில்லியன் பிட் நினைவகம், வினாடிக்கு 60 லட்சம் கோடிச் செயல்கள். ஒரு எஃகுக் கம்பியைக் கையால் வளைக்க வைக்கிறார். அவருடைய முன்கையைக் கழற்றி நீதிபதி முன் வைக்கிறார். கடைசியாக, பேசிக்கொண்டே பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துகிறார். டேட்டா மேசைமேல் சரிந்து விழுகிறார். கயிறு அறுந்த பொம்மை என்கிறார் ரைக்கர், தன் குரலையே வெறுத்தபடி.

அந்த எண்களில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1989 பார்வையாளருக்கு அவை நம்ப முடியாதவை. அன்றைய முன்னணி சூப்பர் கம்ப்யூட்டர்களே வினாடிக்குச் சில நூறு கோடிக் கணக்குகள்தான் போட்டன. இன்று விளையாட்டுக்காக வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே வினாடிக்கு 60 லட்சம் கோடிக் கணக்குகளைத் தாண்டிவிடுகிறது. டேட்டாவின் நினைவகம் 100 பெடாபைட். பெரிய தரவு மையங்களில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆக, ‘இவன் நம்மைப் போன்றவன் இல்லை’ என்று காட்ட ரைக்கர் வைத்த எண்ணியல் ஆதாரங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளில் சாதாரணமாகிவிட்டன. கணக்கு வேகம் ஒன்றை ஆளாகவும் ஆக்காது, ஆளாகாமலும் தடுக்காது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

சரி, நீதிமன்ற நடைமுறை நம்பும்படி இருக்கிறதா? இல்லை. பிரதிவாதியின் நண்பரையே எதிர்த்தரப்பு வழக்கறிஞராக வைப்பதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. லூவாவுக்கும் பிக்கார்டுக்கும் பழைய உறவு வேறு. முன்பு பிக்கார்ட் மீதான ராணுவ விசாரணையை நடத்தியவரும் அவரே. சட்டம் படித்த ஸ்நாட்கிராஸுக்கு இது தெரியாமல் இருக்காது. நாடகத்துக்காகச் செய்த சமரசம் இது, எனக்கு இதில் வருத்தம் இல்லை. வெறும் வில்லன் ஒருவர் வந்து டேட்டாவைப் பொருள் என்று சொல்லியிருந்தால், அவரை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்திருப்போம். டேட்டாவை நேசிக்கும் ஒருவரால்கூட அவரைப் பொருள் என்று நிரூபிக்க முடிகிறது என்பதுதான் இங்கே உறுத்துகிறது. ஆதாரங்கள் எல்லாம் உண்மை. ரைக்கர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பிக்கார்டுக்கே தோற்றுவிட்டோம் என்று தெரிகிறது. இடைவேளையில், கலத்தின் மதுக்கூடத்தை நடத்தும் கைனனிடம் போகிறார். கைனனாக நடிப்பவர் ஊப்பி கோல்ட்பர்க். இந்தக் காட்சி மொத்தம் இரண்டு, மூன்று நிமிடம்தான் இருக்கும். ஆனால் வழக்கு முழுவதும் இங்கே திசைமாறுகிறது. கைனன் டேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வாதாடுவதில்லை. மேடக்ஸ் ஜெயித்தால் எத்தனை டேட்டாக்கள் வருவார்கள் என்று கேட்கிறார். பல உலகங்களின் வரலாற்றில், யாரும் செய்ய விரும்பாத கடினமான, ஆபத்தான வேலைகளைச் செய்வதற்கென்றே சிலர் இருந்திருக்கிறார்கள், அவர்களுடைய நலனைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்கிறார். தலைமுறை தலைமுறையாக, தூக்கி எறியக்கூடிய ஆட்கள். அடிமைத்தனம் என்று பிக்கார்ட் தான் முதலில் வாய்விட்டுச் சொல்கிறார். கைனன், அது கடுமையான வார்த்தையாயிற்றே என்கிற பாவனையில் பதில் சொல்கிறார்.

இதை ஒரு கறுப்பினப் பெண் நடிகர் சொல்லும்போது, ட்ரெட் ஸ்காட் பெயரை யாரும் எடுக்கத் தேவையில்லை. இந்தத் திரைக்கதை செய்யும் மிகப் புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்பேன். ‘டேட்டா உள்ளே எப்படி இருக்கிறார்’ என்ற, யாராலும் திறந்து பார்க்க முடியாத கேள்வியிலிருந்து, ‘நாம் என்ன செய்யப் போகிறோம்’ என்ற, எல்லோராலும் பார்க்க முடிகிற கேள்விக்கு வாதத்தை நகர்த்திவிடுகிறது. டேட்டாவுக்கு உணர்வு இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. ஆனால் உணர்வு இருக்கக்கூடிய ஒன்றை ஆயிரக்கணக்கில் செய்து வேலைக்கு நிறுத்தும் ஒரு சமூகம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

பிக்கார்ட் திரும்பி வந்து இரண்டு வேலை செய்கிறார். முதலில் டேட்டாவின் பெட்டியைத் திறக்கிறார். பதக்கங்கள், பிக்கார்ட் பரிசாகக் கொடுத்த ஒரு புத்தகம், இறந்துபோன சக அதிகாரி டாஷா யாரின் சிறிய ஹோலோகிராம் (முப்பரிமாண ஒளி) உருவம். இதையெல்லாம் ஏன் எடுத்து வைத்தாய் என்று கேட்கிறார். டேட்டா தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிறார். பிறகு மேடக்ஸையே கூண்டில் ஏற்றி, உணர்வுள்ள உயிர் என்பதற்கு உன் அளவுகோல் என்ன என்று கேட்கிறார். அறிவுத்திறன், தன்னை அறிதல், பிரக்ஞை என்று மேடக்ஸ் மூன்று சொல்கிறார். முதலாவது டேட்டாவிடம் இருக்கிறது என்று மேடக்ஸே ஒத்துக்கொள்கிறார். இரண்டாவதற்கு, இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று பிக்கார்ட் டேட்டாவைப் பார்த்துக் கேட்கிறார். என் உரிமையையும் நிலையையும் தீர்மானிக்கும் விசாரணையில் பங்கேற்றிருக்கிறேன், பணயமாக இருப்பது என் தேர்வுரிமை, ஒருவேளை என் உயிரே என்கிறார் டேட்டா. மூன்றாவதை நிரூபிக்கவோ மறுக்கவோ யாராலும் முடியவில்லை.

இந்த இடத்தில்தான் இன்றைய பார்வையாளருக்கு ஒரு சிக்கல் வருகிறது. 1989இல் ஒரு இயந்திரம் ‘என் உயிர் பணயத்தில் இருக்கிறது’ என்று தன் நிலையைத் தானே விளக்கினால், அதுவே பெரிய ஆதாரமாக ஒலித்தது. இன்று மனிதர்கள் எழுதிக் குவித்த எழுத்தில் பயிற்சி பெற்ற மொழி மாதிரிகள் அதே வாக்கியத்தை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் எழுதிவிடும். அப்படி எழுதுவதாலேயே அவற்றுக்குத் தன்னுணர்வு உண்டு என்று யாரும் முடிவுகட்ட முடியாது. மனிதர்கள் எழுதியதிலிருந்துதான் அந்த வாக்கியம் வந்தது. பிக்கார்டின் இரண்டாவது வாதம் இன்று அப்படியே நிற்காது. இதை ஒத்துக்கொள்வது எபிசோடுக்குக் குறைவு இல்லை. பேச்சை மட்டும் வைத்து மதிப்பிடும்போது என்ன ஆகும் என்று அன்று யாரும் அனுபவத்தில் பார்த்திருக்கவில்லை.

ஆனால் டேட்டாவின் ஆதாரம் பேச்சு மட்டும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் பல ஆண்டுகளாக ஒரே ஆளாகத் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார். யாரும் சொல்லாமல் சில பொருள்களைத் தேர்ந்து வைத்திருக்கிறார். தனக்குப் பாதகமான உத்தரவை, காரணம் சொல்லி மறுத்திருக்கிறார். அந்த மறுப்புக்காகத் தன் பதவியையே விட்டிருக்கிறார். இதெல்லாம் நடத்தை. கூண்டில் சொன்ன இரண்டு வரியைவிட அந்த ராஜினாமா எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுகிறது. திரைக்கதை அதை வாதமாக எடுக்கவில்லை என்பது ஒரு விட்டுப்போன வாய்ப்பு.

இன்னொரு குறையும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த பதக்கமும் புத்தகமும் உருவப்படமும், டேட்டா நம்மைப் போலவே இருக்கிறார் என்பதற்கான சான்றுகள். நம்மைப் போல் ஞாபகார்த்தம் வைத்துக்கொள்கிறார், நம்மைப் போல் ஒருவரை நேசித்திருக்கிறார். மனித முகமும் மனிதப் பழக்கமும் இல்லாத ஒன்றாக இருந்தால்? இதே தொடர் 1992இல் ‘த குவாலிட்டி ஆஃப் லைஃப்’ என்ற எபிசோடில் அந்தக் கேள்விக்கு வந்தது. எக்ஸோகாம்ப் என்ற சிறிய பழுதுபார்க்கும் கருவிகள். முகம் இல்லை, பேச்சு இல்லை. ஆபத்தான இடத்துக்குள் போக அவற்றில் ஒன்று மறுக்கிறது. அந்த மறுப்பில் உயிர் இருக்கலாம் என்று சந்தேகிப்பவர் டேட்டா. பிக்கார்டையும் ஜார்டியையும் காப்பாற்ற அந்தக் கருவிகளைப் பலிகொடுக்கலாம் என்று ரைக்கர் முடிவெடுக்கும்போது, டேட்டா அவற்றை அங்கே அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரைப் பூட்டிவிட்டு எதிர்த்து நிற்கிறார். தனக்காக யாரோ எழுந்து நின்றதுபோலத் தானும் நிற்கிறார். நாடகமாக அது இந்த எபிசோடுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் வாதமாக ஒரு படி மேலே.

தீர்ப்புக்கு வருவோம். லூவா சொல்வதில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஆன்மா பற்றிய பகுதி: டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று தெரியாது, எனக்கே உண்டா என்று தெரியாது, ஆனால் அந்தக் கேள்வியைத் தானே தேடிப் பார்க்கும் சுதந்திரத்தை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்குச் சற்று முன் அவர் சொல்வதைக் கவனியுங்கள். இது மகான்களுக்கும் தத்துவவாதிகளுக்கும் உரிய கேள்வி, இதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்கிறார். டேட்டா இயந்திரமா என்றால், ஆம். ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமையா என்றால், இல்லை. இரண்டும் ஒரே தீர்ப்பில்.

குற்றவியல் வழக்குகளில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பார்கள். அவர் குற்றம் செய்யவில்லை என்று நீதிமன்றம் கண்டுபிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உறுதியாகத் தெரியாதபோது எந்தப் பக்கம் தவறினால் இழப்பு மீட்க முடியாததோ, அந்தப் பக்கம் தவறக் கூடாது என்பதுதான் அதன் தர்க்கம். லூவா செய்வதும் அதுவே. டேட்டா வெறும் பொருளாக இருந்து அவரை ஆளாக நடத்திவிட்டால், மேடக்ஸின் ஆய்வு சில காலம் தாமதமாகும். டேட்டா ஆளாக இருந்து அவரைப் பொருளாக நடத்திவிட்டால், ஒரு உயிரைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் ஆயிரம் அடிமைகளைச் செய்திருப்போம். இந்த இரண்டு தவறுகளும் சமமானவை அல்ல. முதல் தடவை விசாரிக்காமலேயே உடைமை என்று சொன்ன அதே அதிகாரி, இந்தச் சமமின்மையைப் பார்த்த பிறகு மாறுகிறார். புதிதாக எந்த அறிவியல் சான்றும் இடையில் கிடைக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு நடப்பதும் அருமை. டேட்டா மேடக்ஸிடம் போய், உங்கள் பரிசோதனைக்கு நான் இப்போது சம்மதிக்கவில்லை, ஆனால் ஆய்வைத் தொடருங்கள், நீங்கள் தயாரானதும் வருகிறேன் என்கிறார். அதுவரை டேட்டாவை அஃறிணையில் குறிப்பிட்டுவந்த மேடக்ஸ், முதன்முறையாக உயர்திணைக்கு மாறிவிடுகிறார். லூவா அதைக் கவனித்துவிடுகிறார். வெற்றி விருந்துக்கு வராமல் தனியாக இருக்கும் ரைக்கரிடம், நீங்கள் எதிர்த்து வாதாடாவிட்டால் முதல் தீர்ப்பே நின்றிருக்கும், உங்களைக் காயப்படுத்திக்கொண்டு என்னைக் காப்பாற்றினீர்கள், மறக்கமாட்டேன் என்கிறார் டேட்டா. ஒளிபரப்பில் நேரத்துக்காக வெட்டிய காட்சிகள் பல. 2012இல் இரண்டாவது சீசன் ப்ளூ-ரேயாக வந்தபோது நீட்டிக்கப்பட்ட வடிவமும் சேர்ந்து வந்தது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நான் ஒளிபரப்பான வடிவத்தையே சொல்வேன். வேகம் அதில்தான் சரியாக இருக்கிறது.

இந்தத் தீர்ப்பு ஸ்டார் ட்ரெக் உலகில் என்ன ஆனது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. ஓராண்டு கழித்து, 1990இல் வந்த ‘த ஆஃப்ஸ்ப்ரிங்’ எபிசோடில் டேட்டா தனக்கு ஒரு மகளை உருவாக்குகிறார், பெயர் லால். இயக்கியவர் ஃப்ரேக்ஸ், அவருடைய முதல் இயக்கம். உடனே ஒரு அட்மிரல் வந்து, அந்தக் குழந்தை ஆய்வகத்தில் இருப்பதே நல்லது என்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார். இவர்களுடைய உரிமைகள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டவை, அதில் எனக்கும் பங்கு உண்டு என்று பிக்கார்ட் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தீர்ப்பு டேட்டா என்ற ஒருவருக்குத்தான், அவரைப் போன்றவர்களுக்கு இல்லை என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டது தெளிவாகத் தெரிகிறது. நீதிமன்றத்தில் கிடைத்த உரிமையை அலுவலகங்கள் எப்படிச் சுருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம்.

2001இல் ‘வாயேஜர்’ தொடரின் ‘ஆத்தர், ஆத்தர்’ எபிசோடில், கம்ப்யூட்டர் நிரலால் இயங்கும், கலத்தின் ஹோலோகிராம் டாக்டர் எழுதிய படைப்பை ஒரு பதிப்பாளர் அவர் அனுமதி இல்லாமல் வெளியிட்டுவிடுகிறார். மீண்டும் விசாரணை. நடுவர் அவரைக் கலைஞர் என்று ஏற்கிறார், அந்த அளவுக்குப் படைப்பின் மீது உரிமை தருகிறார். ஆள் என்று சொல்ல மட்டும் தயங்குகிறார். கதைப்படி இது டேட்டா தீர்ப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னால் நடப்பது. ஒரு படி பின்னால் போயிருக்கிறார்கள். எபிசோடின் முடிவில் அதே டாக்டரின் மாதிரியில் செய்யப்பட்ட பழைய ஹோலோகிராம்கள் வரிசையாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள். கைனன் சொன்ன, யாரும் செய்ய விரும்பாத வேலை.

2020இல் தொடங்கிய ‘பிக்கார்ட்’ தொடர் இன்னும் நேரடியாகப் போனது. செவ்வாய்க் கிரகத்தின் கப்பல் கட்டும் தளத்தில் செயற்கை மனிதர்களை வேலைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். கூட வேலை செய்யும் மனிதர்கள் அவர்களைக் கேலி செய்கிறார்கள், ஏவுகிறார்கள், வேலை முடிந்ததும் அலமாரியில் நிறுத்திவைக்கிறார்கள். 2385இல் அவர்கள் தாக்குதல் நடத்தியதும், அதற்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று ஆராயாமலே செயற்கை உயிர்களை உருவாக்குவது ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யப்படுகிறது. புரூஸ் மேடக்ஸ் அந்தத் தொடரிலும் வருகிறார், வேறு நடிகராக. தன் ஆய்வைத் தடைசெய்தவர்களிடமிருந்து தப்பி, டேட்டாவின் வழியில் வந்த ஆண்ட்ராய்டுகளை உருவாக்கிக் காப்பாற்றப் பார்க்கும் மனிதராக. 1989 விசாரணையில் தோற்றவர்தான் அதன் தீர்ப்பைக் கடைசிவரை உண்மையாக எடுத்துக்கொண்ட ஆள். அந்தத் தீர்ப்பை வழங்கிய நிறுவனமோ, கைனன் எதை எச்சரித்தாரோ அதையே, உணர்வுண்டா என்று ஒரு விசாரணைகூட நடத்தாமல், ஒரு கப்பல் தளம் முழுக்கச் செய்து முடித்திருந்தது.